பிரசிடெண்ட் சம்சாரத்தின் ரவிக்கை

நிகழும் விளம்பி வருஷம் தை மாதத்து சுபதினம் ஒன்றில், கந்தர்வக்கோட்டைக்கு வடக்கே நெடுங்குளத்துப்பட்டி என்னும் மாபெரும் ஸ்தலத்தில், இதற்கு முன் எந்த யுகத்திலும் நடந்திராத வைபவம் ஒன்று நடைபெறும் என்பதைச் சகல ஜனங்களும் அறிவார்களாக. பஞ்சாயத்து பிரசிடெண்டும் முந்திரிக்காட்டு அதிபரும் கொடைவள்ளலுமான திருவாளர் ஆண்டியப்பன் அவர்கள், காலஞ்சென்ற தமது தர்மபத்தினி செங்கமலத்தம்மாள் நினைவாகக் கட்டியளித்த மகப்பேறு அறையைத் திறந்து, அம்மையாரின் திருவுருவப் படத்தையும் திரை நீக்கிவைக்க, ஜில்லாவிலிருந்தே ஒரு பெரியவர் எழுந்தருளுகிறார்.

நோட்டீசில் இப்படித்தான் போட்டிருந்தது. வாசகம் ஆண்டியப்பனுடையது. அச்சாபீஸ்காரர் 'எந்த யுகத்திலும்' என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. ரோஸ் காகிதத்தில் அடித்து, தஞ்சாவூர் பஸ்ஸின் முதுகில் ஒன்று ஒட்டியாகிவிட்டது. அது தினமும் தஞ்சாவூர் வரை போய், புழுதியோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

எல்லாம் தயார். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. வாழைமரத்துக்குச் சொல்லியாயிற்று. திரை கூடத் தைத்து வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வைக்க வேண்டிய படம் மட்டும் இல்லை.

செங்கமலம் தன் ஆயுளில் கேமராவுக்கு முன்னால் நின்றதே கிடையாது. ஆண்டியப்பன் நின்றிருக்கிறார். மாலையோடு, மாலை இல்லாமல், ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில், கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் என்று பல தினுசாக நின்றிருக்கிறார். ஒரு தடவைகூட அடுப்படிப் பக்கம் திரும்பி, நீயும் வா என்று கூப்பிட அவருக்குத் தோன்றியதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவளைப் பற்றி ஊருக்குச் சொல்ல அவரிடம் ஒரு பெருமை இருந்தது. அது ரவிக்கையைப் பற்றியது.

அந்தப் பக்கத்தில் செங்கமலத்தின் வயதுப் பெண்கள் ரவிக்கை போடுவதில்லை. சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டால் காடு, கழனி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ரவிக்கை என்பது வாத்தியார் வீட்டுப் பெண்களும் புதுசாகக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் போடுவது. அப்படியிருக்க, ஆண்டியப்பன் எலெக்சனுக்கு நின்ற சமயத்தில், ஒரு நாள் காலை செங்கமலம் ரவிக்கை போட்டுக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்தாள். பழைய சேலைத் துணியில் கையாலேயே தைத்தது. கோணல் மாணலாக இருந்தது. ஓட்டுக் கேட்கக் கிளம்பியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஆண்டியப்பன் பூரித்துப் போனார். ஓட்டுப் பெட்டிக்கே தெரியாத முடிவு இவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரசிடெண்ட் சம்சாரத்துக்கு உரிய உடுப்பை முன்கூட்டியே போட்டுக்கொண்டாள் என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

ஜெயித்த பிறகு அதைச் சொல்லாத கூட்டமில்லை. "நாகரிகம் எங்க ஊருக்கு தார் ரோடு வழியா வரல. எங்க வீட்டு அடுப்படி வழியா வந்துச்சு," என்பார். கை தட்டுவார்கள். தஞ்சாவூரில் தைக்கக் கொடுத்து மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு ரவிக்கையும் வாங்கி வந்தார். "நல்ல நாளுக்குப் போட்டுக்கிர்றேன்," என்று வாங்கிப் பெட்டியில் வைத்தாள். நல்ல நாள் வரவில்லை. போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. "ராஜ சாவு. ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கல," என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஆண்டியப்பன் சொன்னார். அதிலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

இந்தச் செங்கமலத்துக்குத்தான் இப்போது படம் வேண்டும்.

கந்தர்வக்கோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ரெங்கராஜ் என்பவன் ஸ்டூடியோ வைத்திருந்தான். ஸ்டூடியோ என்றால் ஒரே அறை, குறுக்கே ஒரு திரை. பின்பக்கம் ரெங்கராஜின் கேமரா. முன்பக்கம் அவன் மனைவி சொர்ணவல்லியின் தையல் மிஷின். பின்பக்கத்திலிருந்து கலையும் முன்பக்கத்திலிருந்து சோறும் வந்துகொண்டிருந்தன.

சொர்ணவல்லிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாமி படங்களை வாங்கி, உடுப்பு இருக்கிற இடத்தில் நிஜப் பட்டை ஒட்டி, ஜிகினா வைத்து, துணிக்கு அடியில் பஞ்சு அடைத்து ஜோடித்துக் கொடுப்பாள். அவள் ஜோடித்த முருகன் நெஞ்சை நிமிர்த்திக் கண்ணாடியை முட்டுவார். பிள்ளையாரின் தொந்தியை அழுத்திப் பார்க்காமல் பிள்ளைகள் கடையைத் தாண்டாது.

"முகம் மட்டும் குடுங்க, ஒடம்ப நாங்க உண்டாக்கிருவோம்," என்றான் ரெங்கராஜ். "ஆளுயரத்துக்குத் துணியில உருவம் பண்ணி, அம்மா சேலையக் கட்டி, முகத்த என்லார்ஜ் பண்ணி அட்டையில ஒட்டி வச்சு, நீங்க பக்கத்துல நாற்காலியில உக்காந்து, ஒரே போட்டோ. பாரிஸ்ல இப்ப இதான் ஆர்ட்டுங்கய்யா."

பாரிஸ் எந்தப் பக்கம் என்று ரெங்கராஜுக்குத் தெரியாது. ஆண்டியப்பனுக்கும் தெரியாது என்பதால் காரியம் சுமுகமாக நடந்தது.

முகத்துக்கு ஒரு வழி இருந்தது. பதவியேற்ற அன்று எடுத்த குரூப் போட்டோவில், மாலைகளுக்கு நடுவில் ஆண்டியப்பன் இருக்க, வெகு தூரத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து செங்கமலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கடலைப்பருப்பு அளவு.

"ஒடம்பு எப்படி இருக்கணும்ங்கய்யா?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

"எப்படின்னா?"

"உசரம், தாட்டியம். ஒல்லியாவா, பூசுனாப்புலயா?"

ஆண்டியப்பன் யோசித்தார். தோளைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையைச் சற்றுக் கீழே இறக்கினார். அந்த இடமும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"நல்லா பூசுனாப்புலயே வையி, ஆத்தா. பிரசிடெண்ட் சம்சாரம். காத்துல ஆடுற மாதிரி இருக்கப்படாது."

"மூக்குத்தி எந்தப் பக்கம்?"

ஆண்டியப்பனின் வலது கை மூக்கருகே போயிற்று. பிறகு இடது கை போயிற்று.

"ரெண்டு பக்கமும் வச்சுரு," என்றார் கொடைவள்ளல்.

அளவுக்கென்று மாம்பழ நிறப் பட்டு ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூங்கில் தப்பையில் எலும்பு கட்டி, இலவம் பஞ்சும் கந்தலும் அடைத்து, சொர்ணவல்லி உருவத்தைச் செய்து முடித்தாள். தஞ்சாவூர் தையல்காரன் ஆண்டியப்பன் சொன்ன உத்தேசத்துக்குத் தைத்த ரவிக்கை அது. அந்த உத்தேசத்தை இவள் பஞ்சால் நிரப்பினாள். மார்பும் தோளும் இடுப்புமாக ஒரு மகாராணி எழுந்து நின்றாள்.

படம் எடுக்கிற நாளன்று ஆண்டியப்பன் தன் கொழுந்தியாள் ராக்காயியையும் பஸ்ஸில் கூட்டி வந்தார். செங்கமலத்தின் தங்கை. அக்காள் செத்ததும், பட்டு ரவிக்கையை மட்டும் ஆண்டியப்பன் எடுத்துக்கொள்ள, அவள் துணிமணி இருந்த பெட்டி இவளிடம் வந்துவிட்டது. சேலை கட்டுகிற தினுசு இவளுக்குத்தான் தெரியும் என்று வரச் சொல்லியிருந்தார்.

ராக்காயி வாசலிலேயே நின்று உருவத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு மச்சான்?"

"யாரா? ஒங்க அக்கா."

"எங்கக்காவா. நான் கூத்துல அல்லி ராணியாக்கும்னு நெனச்சேன். ஏந்தாயி, நீ தப்பா எடுத்துக்காத. நல்லாத்தான் பண்ணிருக்க. ஆனா எங்கக்காவ ரெண்டு பேரு சேத்து வச்சாலும் இம்புட்டு வராது."

"அய்யா பூசுனாப்புல வைக்கச் சொன்னாக," என்றாள் சொர்ணவல்லி.

"அய்யாவுக்கு என்ன தெரியும். வீட்டுல இருந்தாத்தானே."

ஆண்டியப்பன் கனைத்தார். "பொதுவாழ்க்கைன்னு வந்துட்டா அப்படித்தான் புள்ள. ஒனக்கு அது வெளங்காது."

ராக்காயி கக்கத்தில் வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். செங்கமலத்தின் சுங்கடிச் சேலை இருந்தது. அதற்கு அடியில் கையால் தைத்த ரவிக்கை ஒன்று இருந்தது. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று அவள் கை கொஞ்ச நேரம் அதன்மேலேயே கிடந்தது. பிறகு எடுத்து நீட்டினாள்.

"அளவு வேணும்னா இதுல எடு. அவ போட்டது இதத்தான்."

"பாத்தியா, நம்ம நாகரிக ரவிக்கை," என்றார் ஆண்டியப்பன். ரெங்கராஜுக்கு அந்தக் கதை தெரியாதே என்று சொல்ல ஆரம்பித்தார். எலெக்சன், அன்றைக்குக் காலை, மோர். ரெங்கராஜ் கேமராவைத் துடைத்துக்கொண்டே ம் கொட்டினான்.

அளவெடுக்க ரவிக்கையை உட்புறமாகத் திருப்பிய சொர்ணவல்லி, திருப்பியபடியே நின்றாள்.

"ஏங்கய்யா, இதுல உள்ளுக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி என்னமோ தச்சிருக்கு."

இடது பக்கம், உள்ளே, ஒரு பை தைத்திருந்தது. வெளித்தையல் கோணல். அந்தப் பைக்குப் போட்ட தையல் மட்டும் நெருக்கமாக, பார்த்துப் பார்த்துப் போட்டது. பைக்குள் துணியை மடித்து மடித்து ஒரு திண்டு மாதிரி செய்து வைத்திருந்தது. சொர்ணவல்லி அதை வெளியே எடுத்தாள். ஒரு பக்கம் குழிவாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், குறைந்துபோன ஒன்றை நிறைக்கச் செய்தது என்று தெரிந்தது. உட்பக்கத் துணியில் எத்தனை துவைத்தும் போகாத கறை இருந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறவள் அவள். இது என்ன என்று அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. ராக்காயியைப் பார்த்தாள்.

ராக்காயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கட்டி. மொதல்ல நெல்லிக்கா கணக்கா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் பூராவும் சுருங்கி, புண்ணாகி நீரு வச்சுக்கிருச்சு. கொளத்துல எல்லாரும் குளிக்கையில ஒரு நா பாத்துட்டேன். மறுநாளுல இருந்து தனியாக் குளிச்சா. சேலைக்கு மேல தெரியுதுன்னுதான் ரவிக்கை தச்சா."

ஆண்டியப்பனின் கதை பாதியில் நின்றது. கதையில் அவர் மோர் வரைக்கும் வந்திருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் கடைசியில்.

"சொல்லத்தான் இருந்தா. ஒங்களுக்கு எலெக்சன் மச்சான். முடியட்டும்னா. முடிஞ்சதும் மாலை போட ஆளு வந்துக்கிட்டே இருந்துச்சு. அது ஓயட்டும்னா. அப்புறம் ரேடியோப் பொட்டி வந்துச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமுல்ல."

"புதுக்கோட்டைக்குப் போவோம்னு நானும் காலப் பிடிச்சுச் சொன்னேன். ஆம்பள டாக்டருகிட்ட அதத் தொறந்து காட்டுறதுக்குச் செத்துப் போகலாம்னுட்டா." ராக்காயி சற்று நிறுத்தினாள். "எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா. நான் அத மீறியிருக்கணும்."

ஆண்டியப்பன் கையை நீட்டினார். சொர்ணவல்லி அந்தத் திண்டை அவர் கையில் வைத்தாள். மடிப்பின் ஓரத்தில் ஒரு பச்சைக் கரை தெரிந்தது. அந்தக் கரையை அவருக்குத் தெரியும். அவருடைய கதர் வேட்டி. எலெக்சன் சமயத்தில் காணாமல் போய், அதற்காக வண்ணாரை நடுத்தெருவில் நிற்க வைத்து ஏசியிருக்கிறார். செங்கமலம் அப்போது வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விடுங்க, கெடைக்கும் என்றாள்.

அவர் நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்தது. தரையிலேயே உட்கார்ந்தார். மூன்று கூட்டத்துக்குப் பேசக் கூடிய தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று. சொர்ணவல்லி மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ராக்காயிக்கு அவர்மேல் எத்தனையோ மாதக் கோபம் இருந்தது. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் கீழே உட்கார்ந்தாள்.

"அய்யா, வெயில் போகுது. வெளிச்சம் பத்தாது," என்றது திரைக்குப் பின்னாலிருந்து கலை.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் சொர்ணவல்லி.

ஒரு மணி நேரத்தில் அவள் மகாராணியைப் பிரித்துப் போட்டாள். பஞ்சைப் பிடுங்கி, தோளை இறக்கி, இடுப்பை ஒடுக்கி, கையால் தைத்த ரவிக்கையைப் போட்டு மறுபடி நிறைத்தாள். ராக்காயி கூடவே இருந்து, இன்னும் கொஞ்சம், இங்கிட்டு இல்ல அங்கிட்டு, என்று சொல்லிக்கொண்டு வந்தாள். செங்கமலம் இடது தோளை முன்பக்கம் குறுக்கி, கையை அந்தப் பக்கத்தில் அணைவாக வைத்துக்கொண்டுதான் நிற்பாள். ஆண்டியப்பனுக்கும் அந்த நிலை தெரிந்திருந்தது. கூச்சம் என்று நினைத்திருந்தார்.

இடது பக்கத்துக்கு வந்ததும் சொர்ணவல்லியின் கை நின்றது.

"இதுக்கு என்ன செய்யட்டும்ங்கய்யா? பஞ்சு வச்சே ரெண்டு பக்கமும் சரியாக்கிருவேன். இல்ல, அம்மாவுக்கு இருந்தாப்புலயே விட்டுரவா?"

ஆண்டியப்பன் கையிலிருந்த திண்டைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதென்றால் அப்படியே விட வேண்டும். ஆனால் வேட்டியைத் திருடி, அத்தனை நுணுக்கித் தையல் போட்டு, அவள் மறைத்து வைத்ததை ஊர் பார்க்கத் திறந்து காட்ட இவர் யார்?

"பஞ்சு வேண்டாம். இதையே வையி, ஆத்தா. அவ வச்ச எடத்துலயே. அவ எப்படித் தெரியணும்னு நெனச்சாளோ அப்படியே தெரியட்டும்."

வலது பக்க மூக்குத்தியையும் எடுக்கச் சொன்னார். எந்தப் பக்கம் என்பதை ராக்காயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

பிறகு படம் எடுத்தார்கள். என்லார்ஜ் செய்த முகம் மூடுபனி பிடித்த மாதிரி இருந்தது. கண் இருக்குமிடம் தெரிந்தது, எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. ஆண்டியப்பன் நாற்காலி வேண்டாம் என்றார். நாற்காலி இல்லாவிட்டால் காம்போசிஷன் போய்விடும் என்று ரெங்கராஜ் வாதாடிப் பார்த்தான். போனால் போகட்டும் என்று அவர் உருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் தலை தன் மார்பு உயரத்துக்குத்தான் வருகிறது என்பதை அப்போதுதான் பார்த்தார். தோளில் கை வைத்தார். உயிரோடு இருந்தபோது நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்ததில்லை.

"அசையாதீங்க," என்றான் ரெங்கராஜ்.

பிரிண்ட் வந்தபோது பிரசிடெண்ட் இரண்டு மூன்று முகமாகக் கலங்கிப் போயிருந்தார். அசையாமல் நின்றது செங்கமலம் மட்டும்தான். வேறொன்று எடுப்போம் என்று ரெங்கராஜ் கெஞ்சினான். இதுவே போதும் என்று படத்துக்குச் சட்டம் போட்டு ஆண்டியப்பன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விழா நாளில் ஜில்லாப் பெரியவர் தாமதமாக வந்தார். அறையின் பூட்டைத் திறந்தார். திரையை இழுத்தார். படத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அம்மாள் நல்ல ஆரோக்கியசாலி. பார்த்தாலே தெரிகிறது," என்றார். கை தட்டினார்கள்.

அடுத்து ஆண்டியப்பன் பேச வேண்டும். இரண்டு மணி நேரப் பேச்சை அவர் முந்திரி மரங்களுக்குப் பலமுறை பேசிக் காட்டியிருந்தார். நாகரிகம் அடுப்படி வழியாக வந்த இடத்தில் கை தட்டுவதற்காகக் கொஞ்சம் இடமும் விட்டிருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பக்கம் பார்த்துப் பழகியவர், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"எம் பொண்டாட்டி ஒடம்புல ஒரு கட்டி இருந்துச்சு," என்றார். "ஒரு வருசம் இருந்துச்சு. எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல. அவ ரவிக்கை போட்டத என் பதவிக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது அதுக்கு இல்ல."

மைக் கொஞ்சம் கீச்சிட்டது. அவர் காத்திருந்தார்.

"ஒங்கள்ல யாருக்காச்சும் எதாச்சும் இருந்தா மறைக்காதீங்க, தாயி. இந்த ரூமுக்கு ஒரு லேடி டாக்டர் வருவாக. பொம்பளைட்டப் பொம்பள சொல்லுறதுல வெக்கம் இல்ல. அவுக வந்தொடனே வந்து காட்டுங்க. அம்புட்டுதான்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், என்ன இது, மங்கள காரியத்தில், என்று முணுமுணுத்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரி எழுந்து, கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து, ராக்காயியிடம் வந்து காதோடு கேட்டாள்.

"அந்த லேடி டாக்டர் எப்ப வருவாகன்னு மச்சானக் கேட்டுச் சொல்லுறியா?"

கேட்டுச் சொல்வதாக ராக்காயி சொன்னாள்.

லேடி டாக்டர் வரவில்லை. அந்த அறையில் இப்போது பஞ்சாயத்தின் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருக்கின்றன.